பொங்க மறுத்த மதுவம்

அம்மா சட்டியின் மூடியைத் திறந்து, சுட்டுவிரலை மாவுக்குள் விட்டு எடுத்து, விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, உன்ரை மதுவம் பொங்கேல்லை."

கொக்குவிலில் எங்கள் வீட்டுக் குசினிக்குள் அப்போதுதான் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. தேத்தண்ணிக்கு வந்து நின்ற என் காதில் 'பொங்கேல்லை' விழவில்லை. 'உன்ரை'தான் விழுந்தது.

"என்ரையோ? என்ரை எது?"

"பிறிட்ஜ் கதவிலை வைச்சியே ஒரு சின்னப் போத்தல், உதுதான். ஒரு கரண்டி காணும் எண்டு பாத்தன். பிறகு காணாது போலை கிடந்துது. முழுக்க விட்டிட்டன். அப்பிடியும் கல்லு மாதிரிக் கிடக்கு."

நான் குசினி நிலத்தில் அப்படியே இருந்துவிட்டேன். அழுகைதான் வந்தது. என் பட்டப் படிப்பு முழுவதும் அந்தப் போத்தலுக்குள் இருந்தது. இப்போது அது அப்ப மாவுக்குள் இருந்தது.

இந்தத் தொடரில் அம்மாவின் சமையலைப் பற்றி நான் எழுதுவதெல்லாம் வெறும் புகழ்ச்சி என்று வெளிநாட்டிலிருந்து ஒரு வாசகி குறைப்பட்டிருந்தார். இந்த வாரம் அவருக்குத்தான்.

போத்தலுக்குள் இருந்தது

மதுவம் என்று எங்கள் பள்ளிப் புத்தகத்தில் இருப்பதைத்தான் கடையில் ஈஸ்ட் என்கிறார்கள். பேக்கரியில் பாணைப் பொங்க வைப்பதும் பனங்கள்ளை நுரைக்க வைப்பதும் அதுதான். ஒரேயொரு உயிர்க்கலம். கையில்லை, காலில்லை, சாதகமும் இல்லை. வளர்ந்ததும் பக்கத்தில் ஒரு மொட்டு அரும்பும். மொட்டு பெருத்துத் தாயை விட்டுப் பிரியும். அதன் வாழ்க்கைச் சரித்திரம் இவ்வளவுதான்.

ஆனால் அது நினைத்தவுடன் பிரிந்துவிடுவதில்லை. உள்ளே தலைமை நொதியம் ஒன்று இருக்கிறது. எப்போதும் அங்கேயே இருக்கும், தனியே ஒன்றும் செய்யாது. கலம் வளர வளர அதற்குச் சோடியாக ஒரு புரதம் சேரும். இரண்டும் பொருந்தினால் நொதியம் விழித்துக்கொண்டு, மற்றப் புரதங்கள் மீது பொசுபேற்று என்ற சின்னப் பொட்டை வைத்துக்கொண்டே போகும். பொட்டு வாங்கிய புரதம் தன் வேலையைத் தொடங்கும், அல்லது நிறுத்தும்.

இதற்கும் மேலே, அந்தத் தலைவருக்கே ஒரு பொட்டு வைத்து "கொஞ்சம் பொறும்" என்று அடக்குகிற நொதியம் ஒன்று உண்டு. அந்தப் பொட்டை அழித்து "இனிப் போம்" என்று விடுகிற நொதியம் வேறொன்று. சாப்பாடு இருக்கிறதா, உடம்பு போதிய அளவு பெருத்ததா, மரபுச் சரடு பிழையில்லாமல் படியெடுத்தாயிற்றா என்றெல்லாம் விசாரித்து முடிந்த பிறகே பிரிவு.

கண்ணுக்குத் தெரியாத உயிர் இவ்வளவு விசாரிக்கிறது. எங்கள் ஊரில் ஒரு பெண்பிள்ளையைக் கண்டால் ஒரே கேள்விதான்: "எப்ப?"

என் மதுவத்துக்கு அந்தத் தலைமை நொதியத்தில் ஒரு சின்னக் கோளாறு. குளிர்ச்சியான அறையில் வைத்தால் மற்ற மதுவங்களைப் போல ஒழுங்காகப் பிரியும். வெக்கை கூடினால் நொதியம் தளர்ந்துவிடும். கலம் சாகாது. உடம்பு பருக்கும், ஆனால் அரும்பாது. திரும்பக் குளிர வைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

குளிர்நாட்டு ஆய்வுகூடம் ஒன்றிலிருந்து, கடிதவுறைக்குள், வடிதாளில் ஒரு பொட்டாக அது வந்து சேர்ந்தது. இப்படியொரு வெக்கை தாங்காத உயிரை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தவள் நான். அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும்.

அடுத்த கிழமை கொழும்பிலிருந்து பரிசோதகர் வருவதாக இருந்தது. என் மதுவம் வெக்கையில் நிற்பதையும் குளிரில் பிரிவதையும் அவர் நுணுக்குக்காட்டியில் தன் கண்ணால் பார்க்கவேண்டும். பார்த்தால் பட்டம், பட்டம் வந்தால் பல்கலைக்கழகத்தில் என் தற்காலிக வேலை நிரந்தரமாகும். பார்க்காவிட்டால் எனக்கு வேறு ஏற்பாடு தயாராக இருந்தது. அந்த ஏற்பாடு அன்று காலை பத்து மணிக்கு அப்பம் சாப்பிட வந்துகொண்டிருந்தது.

சித்தப்பாவின் குளிர் அறை

எங்கள் மதிலுக்குள் இரண்டு வீடுகள். ஒன்றில் நாங்கள் இருக்கிறோம். மற்றதில் யாரும் இருப்பதில்லை, ஆகவே அதுதான் பெரிது. கனடாவில் இருக்கும் சித்தப்பா கட்டியது. பளிங்குத் தரை, கண்ணாடி அலுமாரி, மேல் அறையில் ஏசி. கதவுத் திறப்பு அப்பாவிடம். மாதத்துக்கு ஒரு தடவை அப்பா போய், பழுதாகாமல் இருக்க, ஏசியைப் போட்டுவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு படியில் நிற்பார். உள்ளே நின்றால் தம்பியின் குளிரை எடுத்ததாகிவிடும்.

ஆய்வுகூடத்தில் குளிர் அடைகாப்புப் பெட்டி பழுதாகி, திருத்துபவர் வருவார் வருவார் என்று இருந்த காலம் அது. அதற்கு முன்பே ஒரு நீண்ட மின்வெட்டில் ஆழ்குளிர்ப் பெட்டி உருகி, சேமித்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. மிஞ்சியது சில வளர்ப்புத் தட்டுகளில் இருந்தவை மட்டும். அப்பாவிடம் போனேன்.

"அப்பா, ஏசி ஒவ்வொரு நாளும் ஓடினால்தான் நல்லது. கிடந்தால் துருப்பிடிக்கும்."

"உண்மையோ?"

"இருபத்தைஞ்சிலை விட்டால் இன்னும் நல்லது."

அப்பா கோயிலில் தேவாரம் படிப்பவர், பொய்யை உடனே கண்டுபிடிப்பார். ஆனால் தம்பியின் ஏசி துருப்பிடிப்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. திறப்பைத் தந்தார். பல மாதங்கள் என் மதுவம் அந்த அறையில் சித்தப்பாவின் கட்டிலருகே சொகுசாக இருந்தது. வீட்டுக்குப் பின்னால் ரயில் போகும்போது தட்டுகள் மெல்ல ஆடும்.

பிறகு சித்தப்பா வருகிறேன் என்று அறிவித்தார், கையோடு ஒரு சம்பந்தமும். பையன் லண்டனில். தாய் உடுவிலில், லீவில் வந்து நிற்கிறார். வெசாக் விடுமுறை, ஆய்வுகூடம் பூட்டு. தட்டுகளில் இருந்ததை எல்லாம் சுரண்டி ஒரு மருந்துப் போத்தலில் போட்டு, வீட்டு பிறிட்ஜின் கதவில் வைத்தேன். குளிரில் அது உறங்கும், விடுமுறை முடிய எடுத்துப் போகலாம் என்பது என் கணக்கு.

அந்த இடத்தில் அம்மாவை நான் கணக்கில் எடுக்கவில்லை.

வாசிகசாலை பிரிந்த விதம்

அம்மாவிடம் வருமுன் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். மதுவத்தில் அந்த அடக்குகிற நொதியம் இல்லாத வகைகளும் உண்டு. "பொறும்" என்று சொல்ல ஆளில்லாததால், போதிய அளவு வளர முன்பே பிரிந்துவிடும். பிரிந்த இரண்டும் குட்டி. அவற்றை நுணுக்குக்காட்டியில் முதல் தடவை பார்த்தபோது எனக்கு எங்கள் ஊர் வாசிகசாலைதான் ஞாபகம் வந்தது.

அது முதலில் ஒரே வாசிகசாலை. ஒரு மேசை, பத்திரிகை, சில கதிரைகள். தலைவருக்கும் செயலாளருக்கும் விளையாட்டுப் போட்டியில் யார் பரிசு கொடுப்பது என்று ஒரு சொற்போர். அடுத்த மாதம் பக்கத்து ஒழுங்கையில் இன்னொரு வாசிகசாலை. அதற்குப் பிறகு புதியதற்குள் ஒரு மனத்தாங்கல், மூன்றாவது. மூன்றுக்கும் கனடாவில் கிளை, கிளைகளுக்குள்ளும் பிரிவு. சித்தப்பா அவற்றில் ஒன்றுக்குப் போஷகர்.

பிரிய முன்னம் இரண்டு பக்கத்துக்கும் போதிய சாப்பாடு இருக்கிறதா என்று மதுவம் பார்க்கும். எங்களவர்கள் தலைவருக்குக் கதிரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கடைசியில் மூன்று வாசிகசாலைகளிலும் வாசிக்க ஒரே ஆள்தான் வந்தார். அவர் மூன்றிலும் ஒரே பத்திரிகையைப் படித்துவிட்டுப் போனார்.

போயா நாளில் அப்பம்

இனி அம்மா.

எங்கள் வீடு சுத்த சைவம். கள்ளு என்ற சொல்லையே யாரும் உச்சரிப்பதில்லை. ஆனால் அப்பத்துக்கு விடுகிற கள்ளு கள்ளில் சேர்த்தியில்லை. அது இல்லாவிட்டால் அப்பம் அப்பமில்லை என்பதில் அம்மா உறுதி. ஆகவே விசேட நாட்களுக்கு முதல் நாள், அப்பா விபூதிப் பூச்சோடு, பத்திரிகைத் தாளில் சுற்றிய போத்தலுடன் கள்ளுத் தவறணையின் பின் வாசலுக்குப் போவார். வழியில் காண்பவர்கள் எல்லாரும் "என்ன, வீட்டிலை அப்பமோ?" என்று கேட்பார்கள். பத்திரிகைத் தாள் அவருக்கு மட்டும் மறைப்பு.

உடுவிலார் வருவது வெசாக் போயாவுக்கு மறுநாள். போயா என்றால் பௌர்ணமி, அன்று மது விற்கக்கூடாது; தவறணை பூட்டு. பனை மரத்தடிக்குப் போய்க் கள்ளு இறக்குபவரிடம் நேரே வாங்கலாம். ஆனால் தவறணைக்குப் போவது ஊர் அறிந்த இரகசியம், மரத்தடிக்குப் போவது வெட்கக்கேடு. அப்பா மாட்டேன் என்றுவிட்டார். இதற்குள், வந்து இறங்கியிருந்த சித்தப்பா உடுவிலுக்கு ஃபோனில் சொல்லிவிட்டார்: "அண்ணியின்ரை அப்பம் எண்டால், ஓரம் முறுகி, நடு பஞ்சு மாதிரி. கள்ளு விட்டுச் சுடுறது!"

அம்மா பிறிட்ஜைத் திறந்தார். என் போத்தலைக் கண்டார்.

என்னுடைய வேலையை யாருக்கும் விளங்கப்படுத்தமுடியவில்லையே என்ற கவலையில், அம்மாவுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தேன்: பாணில் இருப்பதும் இதுதான், கள்ளில் இருப்பதும் இதுதான், மாவைப் பொங்க வைப்பது இதுதான். அம்மா தலையாட்டுவார். கேட்கவில்லை என்று நினைத்திருந்தேன். அவருக்கு வடிவாக விளங்கியிருந்தது. ஒரு படிப்பித்தல் இவ்வளவு முழுமையாகப் பலித்து நான் பார்த்ததில்லை.

மாவு பொங்கச் சூடு வேண்டும் என்பது அம்மாவின் அனுபவம். சட்டியை அடுப்படியோடு அணைத்து வைத்திருக்கிறார். மாவு அசையவில்லை. தணலைக் கூட்டி இன்னும் கிட்ட நகர்த்தியிருக்கிறார். அவர் உதவி செய்யச் செய்ய என் மதுவம் மேலும் மேலும் கையை விரித்திருக்கிறது. அவ்வளவு மாவைத் தூக்க அந்தச் சொற்ப மதுவம் பெருகியிருக்கவேண்டும். வெக்கையில் அது பெருகுமா?

நிலத்தில் இருந்து அழுதுகொண்டிருந்த எனக்கு இதைக் கேட்டதும்தான் மூளை திறந்தது. பொங்காவிட்டால், அது என்னுடையதுதான். வெக்கையில் அது சாவதில்லை, நிற்கும். சட்டிக்குள் இன்னும் உயிரோடு நிற்கிறது.

எழும்பி ஒரு கோப்பையை மாவுக்குள் விட்டேன்.

"உதை எங்கை கொண்டுபோறாய்? அப்பம் குறையுமெல்லே!"

"அம்மா, உதுதான் என்ரை பட்டம்."

"மிச்சம் உன்ரை கலியாணம். அதையாவது விடு."

"அப்பச்சோடா போட்டுப் பொங்க வைக்கலாமே?"

"சோடா முடிஞ்சுபோச்சு," என்றார் அம்மா, அலுமாரிப் பக்கம் திரும்பாமலே.

உடுவிலார்

சித்தப்பா வீட்டு மேல் அறைக்கு ஓடினேன். சித்தப்பா ஏசியைப் பதினெட்டில் விட்டு, காலுறையும் கம்பளிப் போர்வையுமாக இருந்தார்.

"சித்தப்பா, ஏசியை இருபத்தைஞ்சிலை விடுங்கோ."

"எனக்கு வேர்க்கும் பிள்ளை."

"போர்வையை எடுங்கோ, வேர்க்காது."

மிச்சமிருந்த வெறும் தட்டுகளில் மாவைக் கீறிப் பூசி அவர் கட்டிலுக்கடியில் அடுக்கினேன். அவர் குனிந்து பார்த்தார். இது என்னவென்று கேட்டார். சொன்னேன். சற்று யோசித்துவிட்டு ஃபோனை எடுத்துத் தட்டுகளையும் தன்னையும் சேர்த்துப் படம் பிடித்தார். சிறிது நேரத்தில் குடும்பக் குழுவில் வந்தது: "எங்கடை வீட்டிலை விஞ்ஞான ஆராய்ச்சி நடக்குது. இடவசதி: நான்." அதன் பிறகு ஏசி இருபத்தைந்தை விட்டு அசையவில்லை. ஒரு போஷகரை எப்படிப் பிடிப்பது என்று அன்று கற்றேன்.

பத்து மணிக்கு மாப்பிள்ளையின் தாய் வந்தார். நல்ல பட்டுச்சேலை, நல்ல சிரிப்பு. கதிரையில் அமர்ந்ததும் என்னைப் பார்த்து, "பிள்ளை என்ன படிக்குது?" என்றார்.

"மதுவத்திலை கலப்பிரிவு," என்றேன்.

"கள்ளிலை இருக்குமே, உதுவோ?"

அப்பாவுக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. சித்தப்பா, "அது பெரிய விஞ்ஞானம், என்ரை வீட்டிலைதான் நடக்குது," என்றார்.

"லண்டனுக்கு வந்தால் உதெல்லாம் விடவேணும். ஒரு சின்னக் கோர்ஸ் செய்தால் கணக்கெழுதுற வேலை எடுக்கலாம். என்ரை மற்ற மருமகளும் டொக்டருக்குப் படிச்சவதான். இப்ப கணக்கு எழுதுறா. சந்தோசமாய் இருக்கிறா."

அவர் மோசமானவர் அல்லர். உண்மையாகவே நல்லது சொல்வதாகத்தான் நினைத்தார். அம்மா எழும்பிக் குசினிக்குப் போனார்.

அப்பம் வந்தது. நடுவில் பஞ்சு இல்லை, ஓரத்தில் முறுகல் இல்லை, தட்டில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. மாப்பிள்ளையின் தாய் ஒரு விளிம்பைப் பிய்க்கப் பார்த்தார். அது வரவில்லை.

"தோசையோ?"

"அப்பம்," என்றார் அம்மா.

"ஓ."

அந்த வீட்டில் அவ்வளவு நீளமான 'ஓ'வை நான் கேட்டதில்லை. அம்மா நிதானமாக இரண்டாவது அப்பத்தையும் அவருடைய தட்டில் வைத்தார். "சாப்பிடுங்கோ. இன்னும் கிடக்கு."

மறுநாள் சித்தப்பாவுக்குச் செய்தி வந்தது. முதல் நாள் போன வீட்டிலேயே மாவு பொங்கவில்லை, சகுனம் சரியில்லையாம். சித்தப்பாவுக்குக் கோபம். யாரில் கோபிப்பது என்று தெரியாமல் ஏசியைப் பதினெட்டுக்கு இறக்கப் போனார். கட்டிலுக்கடியில் தட்டுகளைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

அடுப்படி ஆய்வுகூடம்

சில நாட்களில் தட்டுகளில் வெள்ளைப் புள்ளிகள் எழும்பின. அதில் எது என்னுடையது, எது அரிசியிலும் குசினிக் காற்றிலும் இருந்து வந்தது என்று பார்த்த பார்வையில் தெரியாது. ஒவ்வொரு புள்ளியையும் இரண்டு தட்டுகளில் ஒரே இடத்தில் தொட்டு வைத்தேன். ஒன்று சித்தப்பாவின் ஏசிக்கு. மற்றது வெக்கைக்கு. வெக்கைக்கு எங்கே போவது? அம்மாவின் அடுப்படி இருந்தது.

"அம்மா, உதைத் திறக்காமல் அடுப்புக்குப் பக்கத்திலை வைச்சுப் பாத்துக்கொள்ளுங்கோ. அளவாய் வெக்கை வேணும், வெந்திடப்படாது."

அம்மா தட்டுக்கு மேல் கையைப் பிடித்துப் பார்த்துக் கிட்டவும் எட்டவும் நகர்த்தினார். வந்து போகும்போதெல்லாம் குனிந்து பார்த்தார். இரண்டாம் நாள் வாசலில் நின்று கவலையோடு கூப்பிட்டார்.

"பிள்ளை, சிலது நல்லாய் வந்திருக்கு. உந்த மூலையிலை உள்ளதுகள்தான் ஒண்டும் வரேல்லை. பாவம்."

ஏசித் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே மூலை, குளிரில் கொழுகொழுவென்று வளர்ந்திருந்தது. அம்மாவைக் கட்டிப்பிடித்துக் கத்தினேன்.

"வராததுதான் அம்மா என்ரை! அதுதான் சரியானது!"

அம்மா இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப உது பழுதில்லை. இந்தச் சூட்டுக்குள்ளை மாட்டன் எண்டு நிக்குது."

"ஓம்."

"குளிரவிட்டால் தன்ரை பாட்டிலை செய்யும்."

"ஓம் அம்மா."

"ம்," என்றார். அம்மா ஒரு காலத்தில் ஆசிரியர் கலாசாலைக்குத் தெரிவாகி, பெட்டியும் அடுக்கி வைத்திருந்தவர். கலியாணம் வந்தது. பெட்டி அப்படியே இந்த வீட்டுக்கு வந்தது. அதைப் பற்றி அவர் கதைத்து நான் கேட்டதில்லை.

பரிசோதகர் வந்தார், நுணுக்குக்காட்டியில் நெடுநேரம் குனிந்திருந்தார். வெக்கையில் நின்ற கலங்கள் குளிரில் மெல்ல மெல்ல அரும்பியதைப் பார்த்துத் தலையாட்டினார். இந்த மதுவத்தை எப்படிப் பாதுகாத்தீர்கள் என்று கேட்டார். "அரிசி மாவில்," என்றேன். புதிய முறையாக இருக்கிறதே என்று குறித்துக்கொண்டார்.

பட்டமும் வந்தது, வேலையும் நிரந்தரமாயிற்று. சித்தப்பா கனடா போய், விஞ்ஞானத்துக்குச் செய்த சேவைக்காகத் தன் சங்கத்தில் பொன்னாடை போர்த்துக்கொண்டார். அதில் மனத்தாங்கல் வந்து சங்கம் மறுபடி பிரிந்ததாகக் கேள்வி.

பல மாதங்கள் கழித்து, குசினி அலுமாரியில் சீனி தேடியபோது, பருப்பு டின்னுக்குப் பின்னால் அப்பச்சோடா டின் கையில் தட்டுப்பட்டது. திறந்தேன். விளிம்பு மட்டும் நிறைந்து, பழசாகிக் கட்டிபட்டிருந்தது. யாரும் கரண்டி வைத்த அடையாளம் இல்லை.

டின்னோடு திரும்பினேன். அம்மா ஃபோனில் இருந்தார். மறுமுனையில் சித்தப்பாவின் குரல் குசினி முழுக்கக் கேட்டது. இன்னொரு இடமாம், நோர்வேயாம், தாய் தகப்பன் லீவில் வந்து நிற்கினமாம்.

"ஓம் தம்பி, ஓம். வரச்சொல்லுங்கோ," என்றார் அம்மா. "அப்பம் சுட்டு வைக்கிறன்."

ஃபோனை வைத்தார். என் கையில் இருந்த டின்னைக் கண்டார். அதை வாங்கி மூடி, இருந்த இடத்திலேயே, பருப்பு டின்னுக்குப் பின்னால் வைத்தார்.

"பிள்ளை," என்றார், "உந்த மாட்டன் எண்டு நிக்கிற மதுவம் ஒரு போத்தல் கொண்டுவாறியோ?"